வீடு திரும்பிய பின்னர்: பக்கவாத நோயாளியின் மறுவாழ்வும் குடும்பத்தின் பங்கும்

பெங்களூர் நகரின் அடுகோடிப் பகுதியில் வாழ்வோர்க்கு ஓசூர் சாலையும், அச்சாலையின் மேல் அமைந்துள்ள தேசிய மனநல நரம்பியல் விஞ்ஞானக் கழகமும் நன்கு பழக்கமானவை. ‘நிம்ஹான்ஸ்’ என்று மக்கள் சுருக்கமாக வழங்கும் இந்நிலையம், மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும், 1954இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மனநல நிலையமும் 1974ஆம் ஆண்டில் ஒன்றாக இணைந்ததனால் உருவாயிற்று. நரம்பு நோய் கண்டோர் பல மாநிலங்களிலிருந்தும் இங்கு வருகின்றனர். நோயின் கடுமை தணிந்தபின் அவர்களுள் பெரும்பாலோர் சக்கர நாற்காலியிலோ உறவினரின் தோளைப் பற்றிக்கொண்டோ வீடு திரும்புகின்றனர்.

அவ்வாறு திரும்பும் ஒரு பக்கவாத நோயாளியின் வீடு அடுகோடியின் குறுகிய தெருவொன்றில் இருப்பதாக எண்ணிப் பார்ப்போம். வீடு மாடியில் உள்ளது, படிகள் செங்குத்தானவை, கைப்பிடி கிடையாது. இருப்பது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். கழிப்பிடமோ குந்தி அமர வேண்டிய வகையைச் சேர்ந்தது. நோயாளியின் மனைவி பகலில் வேலைக்குச் செல்பவர்; மகன் தொழிற்சாலைக்கும் மகள் பள்ளிக்கும் செல்பவர்கள். மருத்துவமனையில் தாதியரும் மருத்துவரும் பகிர்ந்து செய்த பணிகள் யாவும் அன்று மாலை முதல் இக்குடும்பத்தின் கையில் வந்து சேருகின்றன. இக்குடும்பம் எவற்றைச் செய்ய இயலும்? எவற்றைச் செய்ய இயலாது? இக்கேள்விக்கு விடை காணும் பொருட்டு நமது நாட்டிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தேறியுள்ளது. அதன் முடிவு பலரும் எதிர்பாராத ஒன்று. களப் பணியாளரும் ஆசிரியரும் அதனை அறிந்திருத்தல் நலம்.

மூளையில் நிகழ்வது என்ன?

மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும், வெடித்து இரத்தம் கசிந்தாலும், அப்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் உணவும் பிராணவாயுவுமின்றி மடிகின்றன. அப்பகுதி எந்த உறுப்பை ஆண்டு வந்ததோ, அவ்வுறுப்பு செயலிழக்கிறது. இதுவே பக்கவாதம். மூளையின் இடப்பாகம் தாக்குண்டால் உடலின் வலப்பாகம் சோர்வதும், பலருக்குப் பேச்சுத் தடைபடுவதும் இதன் இயல்பு. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

மடிந்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. எனினும் இழந்த செயல் ஓரளவு மீள்வதை நாம் காண்கிறோம். இஃது எவ்வாறு நிகழ்கிறது? அழிந்த பகுதியைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு, பழைய பணியின் ஒரு பங்கைத் தாம் ஏற்கின்றன. 1996ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ராண்டால்ஃப் நூடோவும் அவருடன் பணியாற்றியோரும் குரங்குகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். கையை ஆளும் மூளைப் பகுதியில் சிறிது சேதமுற்ற குரங்குகளுக்குச் சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை எடுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற குரங்குகளின் மூளையில் கைக்குரிய பரப்பு சுருங்காமல் நின்றது. சிலவற்றில் அது அண்டைப் பகுதிக்கும் பரவியது. ஆகவே மூளையின் இம்மாற்றம் தானாக மட்டும் நிகழ்வதன்று. பயிற்சி அதற்கு வழிகாட்டுகிறது என்பது தெளிவாயிற்று.

மனிதரிடத்தும் முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாகவும் அதன் பின்னர் மெதுவாகவும் இருப்பதே பொது வழக்கம். நோயாளி மருத்துவமனையில் கழிப்பதோ சில நாட்கள் அல்லது சில வாரங்களே. எஞ்சிய பொன்னான காலம் முழுவதும் வீட்டிலேயே கழிகிறது. வீட்டு மறுவாழ்வின் முக்கியத்துவம் இதனால் விளங்கும்.

பதினான்கு மருத்துவமனைகளின் சோதனை

நமது நாட்டில் இயன்முறை சிகிச்சையில் தேர்ந்தவர்கள் நகரங்களிலேயே மிகுதியாக உள்ளனர். அங்கும் அவர்களைத் தொடர்ந்து நாடுவதற்கான செலவு பலருக்கு எட்டாதது. நோயாளியைப் பேணுவதற்கோ பெரும்பாலான வீடுகளில் எவரேனும் ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவருக்கே பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் குறை தீராதா? இக்கருத்து அறிவுக்கு உகந்ததாகவும் சிக்கனமானதாகவும் தோன்றியது. தோற்றத்தை மட்டும் நம்பிவிடாமல் அதனைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர் முற்பட்டனர். ‘அட்டெண்ட்’ என்று பெயர் பெற்ற அந்த ஆராய்ச்சியில் லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியனும் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்டு லிண்ட்லியும் முதன்மையான பங்கு வகித்தனர்.

2014 ஜனவரி முதல் 2016 பிப்ரவரி வரை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். எவர் எந்தப் பிரிவில் சேர்வது என்பது திருவுளச் சீட்டு எடுப்பதைப் போன்ற முறையால் முடிவாயிற்று. ஒரு பிரிவினர் 623 பேர். மற்றொரு பிரிவினர் 627 பேர். இரு பிரிவினரும் வழக்கமான சிகிச்சையைப் பெற்றனர். முதற் பிரிவில் மட்டும் குடும்பத்தினர் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே கூடுதல் பயிற்சி தொடங்கப்பட்டது. நோயைப் பற்றிய விளக்கம், நோயாளியுடன் கலந்து இலக்கு வகுத்தல், உடலைக் கிடத்தும் முறை, குறிப்பிட்ட செயல்களை மீண்டும் மீண்டும் பழக்குதல் ஆகியவை அதில் அடங்கின. வீட்டில் இப்பயிற்சி இரண்டு மாதங்கள் வரை தொடர்ந்தது.

ஆறு மாதங்களுக்குப் பின்னர், எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அறியாத பரிசோதகர்கள் நோயாளிகளின் நிலையை மதிப்பிட்டனர். கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜான் ராங்கின் 1957ஆம் ஆண்டில் வகுத்த அளவையின் திருத்திய வடிவம் இதற்குப் பயன்பட்டது. எக்குறையும் இல்லாதவர்க்கு 0, மரணமடைந்தவர்க்கு 6, பிறர் துணையை நாடி வாழ்வோர் இடைப்பட்ட மேல் எண்களில் அமைவர். முடிவு யாதெனில், பயிற்சி பெற்ற குடும்பங்களைச் சேர்ந்த 607 பேரில் 285 பேர் மரணமடைந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். மற்றப் பிரிவில் 605 பேரில் 287 பேர் அந்நிலையில் இருந்தனர். இரண்டுமே நூற்றுக்கு 47. குடும்பத்துக்கு அளித்த கூடுதல் பயிற்சியால் நோயாளியின் நிலையில் வேறுபாடு ஏற்படவில்லை. 2017ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இம்முடிவு மறைப்பின்றி வெளியிடப்பட்டது.

முடிவின் பொருள்

இதனைப் படிக்கும் களப் பணியாளர், ‘அப்படியாயின் வீட்டுப் பயிற்சியால் பயனில்லையோ?’ என்று ஐயுறலாம். அவ்வாறு முடிவு செய்வது பிழையாகும். சோதனைக்கு உட்பட்டது ஒரு குறிப்பிட்ட முறை. அதாவது, வழக்கமான சிகிச்சையுடன், தேர்ச்சி பெற்றவரின் தொழிலைக் குறுகிய காலப் பயிற்சியின் மூலம் குடும்பத்தினரிடம் ஒப்படைக்கும் முறை. அம்முறை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதே நாம் அறிந்த செய்தி. இங்கிலாந்திலும் இதனை ஒத்த அனுபவம் கிடைத்துள்ளது. 36 மருத்துவமனைப் பிரிவுகளில் 928 நோயாளிகளையும் அவர்களைப் பேணுவோரையும் கொண்டு நடந்து, 2013இல் வெளியான ஆராய்ச்சியில், பேணுவோருக்கு வகுப்பு நடத்தி அனுப்பியதால் நோயாளியின் செயல்திறன் உயரவில்லை.

வேறொரு முறை நற்பயன் தந்திருக்கிறது. மருத்துவர், தாதி, இயன்முறை வல்லுநர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் வல்லுநர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரு குழுவாக இணைந்து, நோயாளியை விரைவில் வீட்டுக்கு அனுப்பி, பின்னர் அவரது வீட்டிற்கே சென்று பயிற்சி அளிப்பதே அது. இத்தகைய 17 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2017இல் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஐந்தாறு பேர் கூடுதலாகத் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் நிலையை அடைந்தது தெரியவந்தது. இப்பயன் இலேசான, நடுத்தரமான குறை உள்ளோரிடம் காணப்பட்டது. ஆனால் இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் செல்வ வளமிக்க நாடுகளில் நடந்தவை என்பதையும் மறத்தலாகாது.

பயிற்சியின் அளவும் கவனிக்கத் தக்கது. அமெரிக்கா, கனடா நாடுகளில் 312 பயிற்சி வேளைகளை நேரில் கண்டு எண்ணியவர்கள், பயனுள்ள கைச்செயலைப் பழகிய வேளைகளில் நோயாளி அதனைச் சராசரியாக 32 தடவையே செய்தார் என 2009இல் அறிவித்தனர். விலங்குகளின் மூளையில் மாற்றம் விளைவித்த சோதனைகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை பயிற்சி நடைபெற்றது. மறுபுறம், மிகுதியும் அவசரமும் எப்போதும் நன்மை தருவன அல்ல. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான ஆராய்ச்சியில், தாக்குதல் நேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடத்தப்பட்டவர்களுள் நூற்றுக்கு 46 பேரும், வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களுள் 50 பேரும் நன்னிலை எய்தினர். எப்போது, எவ்வளவு, எம்முறையில் என்பவற்றை முடிவு செய்யத் தேர்ந்த கண் வேண்டும். இதனைக் குடும்பத்தினரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதிலிருந்து ஓர் அறநெறியும் பிறக்கிறது. பயிற்சியளித்தும் கணவரின் கை அசையவில்லையென்றால், ‘நான் சரியாகச் செய்யவில்லை’ என்று மனைவி தம்மையே நொந்துகொள்ளக் கூடும். சுற்றத்தாரும் அவ்வாறே குறை கூறக் கூடும். ஆராய்ச்சியின் முடிவு அத்தகைய பழியைத் துடைக்கிறது. கை அசையாமைக்கு அன்பின் குறைவோ உழைப்பின் குறைவோ காரணமாகாது.

குடும்பம் செய்யத் தக்கவை

தேர்ந்தவரின் தொழிலைக் குடும்பம் ஏற்க இயலாவிடினும், குடும்பம் மட்டுமே செய்யக்கூடிய பணிகள் பல உள்ளன. அவற்றுள் முதன்மையானது புதிய கேடு விளையாமல் காப்பது.

தாமே புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். பிட்டம், குதிகால், முதுகெலும்பின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் நோக்க வேண்டும். சிவப்பு மாறாதிருப்பின் அது படுக்கைப் புண்ணின் தொடக்கமாகும்.

சோர்ந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியை எழுப்பும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. இதனை அறவே விலக்க வேண்டும். தசைகள் தளர்ந்த நிலையில் தோள்மூட்டு எளிதில் இடம் பெயரும். அதனால் எழும் வலி பல மாதங்கள் பயிற்சியையே தடுத்துவிடும். இடுப்பைத் தாங்கி எழுப்புவதும், அமர்ந்திருக்கும்போது அக்கையைத் தலையணையின் மேல் வைப்பதும் முறையாகும்.

நீரோ கஞ்சியோ அருந்தும்போது இருமல் வருதல், குரல் ஈரமாக ஒலித்தல் ஆகியவை, விழுங்குவது தவறி மூச்சுக் குழலில் செல்வதைக் காட்டும் அறிகுறிகள். இதனால் நுரையீரலில் சீழ்க்கட்டும் காய்ச்சலும் விளையலாம். படுத்த நிலையில் எதையும் புகட்டலாகாது. நேராக அமரச் செய்து, சிறு சிறு வாயாக, அவசரமின்றி ஊட்ட வேண்டும். இருமல் தொடர்ந்தால், வாய்வழி கொடுப்பதை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டிலும் சில மாற்றங்கள் தேவை. தரையில் பாய் விரித்துப் படுப்பதை விட, அமர்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரமுள்ள கட்டில் எழுவதற்கு எளிது. குந்தும் கழிப்பிடத்தின் மேல் நடுவில் துளையுள்ள நாற்காலியை வைக்கலாம். மாடிப்படியில் ஒரு கைப்பிடி பொருத்துவதும், வழியில் கிடக்கும் மிதியடியை அகற்றுவதும் வீழ்ச்சியைத் தடுக்கும்.

பயிற்சி என்பது தனியே ஓர் உடற்பயிற்சி வேளையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. வல்லுநர் குறித்துக்கொடுத்த செயல்களை அன்றாட வாழ்வில் புகுத்தலாம். குவளையைப் பற்றுதல், சட்டைப் பொத்தானிடுதல், பட்டாணி உரித்தல், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் முதலியவை பொருள் உள்ள பயிற்சிகள். அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் பிறரே செய்து கொடுத்தால், சோர்ந்த உறுப்பைப் பயன்படுத்தாமலிருக்கவே நோயாளி பழகிவிடுவார். அவர் ஒரு பொத்தானை மாட்டப் பத்து நிமிடம் ஆகுமாயினும் பொறுத்திருப்பதே உதவி.

மொழியும் மனமும்

அடுகோடித் தெருக்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் கலந்து ஒலிக்கின்றன. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் இவற்றுள் ஒரு மொழியில் முதலிலும் வேறொன்றில் பின்னரும் தேறுவது உண்டு. எல்லாம் ஒருங்கே தேறுவதும் உண்டு. ஆதலின் ‘கன்னடம் மறந்துவிட்டது’ என்று வருந்தாமல், எம்மொழியில் சொல் வருகிறதோ அம்மொழியிலேயே பேசவிடுதல் தக்கது. ஐதராபாத்தில் 608 நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் சுவர்ணா அல்லாடி முதலியோர் வெளியிட்ட கட்டுரையில், பக்கவாதத்திற்குப் பின்னர் அறிவாற்றல் பழுதின்றி இருந்தோர் பல மொழி அறிந்தவரிடையே நூற்றுக்கு 40 என்றும், ஒரு மொழியே அறிந்தவரிடையே 20 என்றும் ஏறத்தாழக் காணப்பட்டது. பேச்சிழப்பைப் பொறுத்தவரை இவ்விரு சாராரிடையே வேறுபாடு இல்லை.

பேச இயலாதவர் அறிவிழந்தவர் அல்லர். அவர் முன்னிலையில் அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசுவது அவரை மிகவும் புண்படுத்தும். நோயிலிருந்து தப்பியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பீடிக்கிறது. உண்ண மறுத்தல், உறக்கமின்மை, பயிற்சியில் நாட்டமின்மை ஆகியவற்றைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்ளாமல், சிகிச்சைக்குரிய குறியாகக் கொள்ள வேண்டும். நோயாளியைப் பேணுபவருக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் அப்பொறுப்பை ஏற்பது ஆடம்பரமன்று.

மீண்டும் தாக்காமல் காத்தல்

முதல் தாக்குதலில் மீண்டவரை இரண்டாவது தாக்குதல் வீழ்த்திவிடக் கூடும். இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதல், சர்க்கரையைக் கவனித்தல், மருத்துவர் கொடுத்த மருந்தை இடைவிடாது உட்கொள்ளுதல், புகையிலையையும் மதுவையும் ஒழித்தல் ஆகியவையே காப்பு. ‘உடம்பு தேறிவிட்டது’ என்று தாமே மருந்தை நிறுத்துவது பெருந்தவறு.

இதிலும் அறிவுரை மட்டும் போதுமா என்பதை நமது நாட்டு ஆராய்ச்சியாளர் சோதித்துள்ளனர். 31 மருத்துவமனைகளில் 4,298 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2023இல் வெளியான ஆராய்ச்சியில், 12 மொழிகளில் குறுஞ்செய்திகளும் படக்காட்சிகளும் பயிற்சி நூலும் வழங்கப்பட்டன. மருந்தை ஒழுங்காக உட்கொண்டோரும், புகையையும் மதுவையும் விட்டோரும் இதனால் அதிகரித்தனர். எனினும் ஓராண்டுக்குள் மீண்டும் நேர்ந்த தாக்குதல்கள் குறையவில்லை. பழக்கம் மாறுவது முதற்படி. அளந்து பார்த்து மருந்தைச் சீர்செய்வதும் அதனுடன் சேர வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

களப் பணியாளரும் ஆசிரியரும்

அடுகோடியைக் கடக்கும் ஓசூர் சாலையின் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் தமிழ் நாட்டின் கிருட்டிணகிரி மாவட்டம் வருகிறது. அம்மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மருந்துகளை இல்லத்திற்கே கொண்டு செல்வதுடன், இயன்முறை சிகிச்சையையும் வீட்டிலேயே அளிப்பது அத்திட்டத்தின் கூறுகளுள் ஒன்று. குடும்பத்தின் அன்பும் தேர்ந்தவரின் வருகையும் ஒரே கூரையின் கீழ்ச் சந்திக்க வேண்டுமென்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது.

வீடு வீடாகச் செல்லும் களப் பணியாளர், நோயாளியின் முன்னேற்றத்தை எண்ணால் குறித்துவைத்தல் பயனுடைத்து. 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் புளோரன்சு மகோனியும் டாரதியா பார்த்தெலும் வெளியிட்ட அளவை இதற்கு ஏற்றது. உண்ணல், நீராடல், முகங்கழுவித் தலைவாரல், உடுத்தல், மலத்தை அடக்கல், சிறுநீரை அடக்கல், கழிப்பிடம் செல்லல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறல், நடத்தல், படியேறல் என்னும் பத்துச் செயல்களுக்குச் சேர்த்து 100 மதிப்பெண். மாதம் ஒருமுறை குறித்து வந்தால், முன்னேற்றம் நின்றுவிட்டதோ பின்னடைவு நேர்ந்ததோ உடனே புலப்படும். பின்னடைவு கண்டால் நோயாளியை மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். நிலையான ஊனம் தங்கியவர்க்குச் சான்றிதழ் பெறும் வழியையும் சொல்லித் தருதல் நன்று.

ஆசிரியரின் பணி வேறு வகையானது. நோயாளியின் மகளோ பேரனோ அவரது வகுப்பில் அமர்ந்திருக்கலாம். அக்குழந்தை திடீரெனப் பள்ளிக்கு வராமல் நின்றால், வீட்டில் பேணும் பொறுப்பு அதன் தோளில் விழுந்துள்ளதா என்று விசாரித்தறிய வேண்டும். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தாழ்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்று குறிகளை மாணவர் அனைவருக்கும் கற்பித்தல் வேண்டும். இக்குறிகளைக் கண்டவுடன் 108 வண்டியை அழைத்து விரைந்தால், அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் நாலரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தகுதியுள்ளவர்க்குச் செலுத்த இயலும்.

நூற்றுக்கு 47 என்னும் எண் இரு பிரிவுகளிலும் ஒன்றாகவே நின்றது. அந்த எண், குடும்பத்தினிடம் அதன் ஆற்றலுக்கு மீறிய பணியைச் சுமத்திவிட்டுப் பிறர் ஒதுங்கிவிடலாகாது என்று எச்சரிக்கிறது. புரட்டிப் படுக்கவைப்பதும், பொறுமையுடன் ஊட்டுவதும், பேச்சைக் கேட்பதும் குடும்பத்தின் கடமை. அடுகோடியின் அந்தச் செங்குத்தான மாடிப்படியில் ஏறிச் சென்று, தேர்ந்த கையுடன் உதவுவது சுகாதாரத் துறையின் கடமை. இவ்விரண்டும் சேருமிடத்தில் நோயாளி மீண்டும் ஒரு படி ஏறத் துணிவார்.